ஏரிக்கரை நிபந்தனை

உச்சி வெயில். ஒலக்கூரைத் தாண்டி ஒரு ஏரிக்கரைச் சாலை. ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. ஓர் ஆம்புலன்ஸ் மட்டும் அலறிக்கொண்டு உள்ளே திரும்பியது...

வண்டிக்குள் என் தோழி அம்சாவின் சித்தி மகள் துர்கா. ஸ்ட்ரெச்சரில் அவளுடைய அக்கா சங்கவி. நிறைமாதம். பி.பி. ஏறிவிட்டது, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஊர் நர்ஸ் சொல்லிவிட்டார். டிரைவர் போனைப் பார்த்துத்தான் ஓட்டினார். அது காட்டுகிற வழிதான் வழி.

இந்த நேரத்தில் ஒரு கர்ப்பிணியை அந்தச் சாலைக்கு அது அனுப்பியதே இல்லை. அனுப்ப வைத்தவள் துர்காதான்.

திண்டிவனத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலை. ஆம்புலன்ஸ்களுக்கு வழி சொல்லும் ஆப் அவர்கள் செய்தது. வழியைத் தீர்மானிக்கும் பகுதியை எழுதியவர் இளவழகன். சீனியர். அதிகம் பேசமாட்டார்.

அந்த வருஷம் ஆபீசுக்கு ஒரு புதுக் கருவி வந்தது. எழுதிய புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்று மார்க் போடும். 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற ஒரு நிபந்தனைக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று போகப் போக மார்க் ஏறும். ஏறினால் கெட்டது. பதினைந்துக்குள் இருக்க வேண்டும். இளவழகனுடையது நூற்று நாற்பது.

மேனேஜர் கோதண்டபாணி அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்து அவர் நாற்காலி முதுகில் ஒட்டினார். அதன்பிறகு அவருக்கு வேறு பெயரே இல்லை. நூத்திநாப்பது, டீ சாப்ட்டியா... நூத்திநாப்பது, இங்க வா... எல்லோரும் சிரித்தார்கள். துர்காவும்தான். கொஞ்ச நாளில் அவர் வேலையை விட்டுப் போனார். மார்க்கைக் குறைக்கும் வேலை துர்காவிடம் வந்தது.

நன்றாகத்தான் செய்தாள். சிக்கலைப் பிரித்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் புரிகிற மாதிரி பெயர் வைத்தாள். ஓர் இடம் மட்டும் மிச்சம். நோயாளி கர்ப்பிணியா, நேரம் உச்சிப்பொழுதா, வழி ஏரிக்கரையா... எல்லாம் ஆமென்றால் சுற்றுவழியில் போ. ஏன் என்று ஒரு வரி இல்லை.

இளவழகனுக்குப் போன் செய்தாள்.

"மத்ததெல்லாம் வெட்டிக்கம்மா. அத்த மட்டும் வுட்டுடு."

காரணம் கேட்டாள்.

"சொன்னா அதுக்கும் சிரிப்பீங்க."

கோதண்டபாணியோ, "படிச்சா புரியணும். புரியாதத தூக்கிப் போடு" என்றார். தூக்கினாள். மார்க் ஒன்பதுக்கு இறங்கியது. ஆபீசில் ஸ்வீட் கொடுத்தார்கள்.

ஏரிக்கரையில் பாதி தூரம்... சைரன் சத்தம் நின்றது. விளக்கு சுற்றுகிறது, சத்தம் இல்லை. டிரைவர் ஏதோ கத்துகிறார், வாய் மட்டும் அசைகிறது. பச்சை ரத்தமும் பாலும் கலந்த வாடை. பிறகு வண்டிக்கு அடியில்... நகத்தால் தகரத்தைச் சுரண்டுகிற ஒலி. அது மட்டும் துல்லியமாகக் கேட்டது. நகர்ந்து நகர்ந்து, ஸ்ட்ரெச்சருக்கு நேர் கீழே வந்து நின்றது.

துர்கா கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தாள். நெடுஞ்சாலை ஏறியதும் சைரன் மறுபடி அலறியது. சங்கவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வலியே இல்லடி... லேசா ஆயிடுச்சு."

போர்வை தட்டையாகக் கிடந்தது.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், இந்த வயிற்றில் குழந்தை தங்கியதே இல்லை என்றார். துர்கா வளைகாப்புப் படங்களைக் காட்டினாள். துணி கட்டி நடித்தாளா என்று சங்கவியின் மாமியார் கேட்டாள். அன்றைக்கே சங்கவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

துர்கா அந்த நிபந்தனையைத் திரும்ப எழுதிவிட்டு இளவழகனுக்குப் போன் செய்து அழுதாள். அவர் திட்டவில்லை. "எம்பொண்டாட்டிய அந்த வழியா கூட்டிக்கினு போனது நாந்தாம்மா" என்றார். இது எப்போது தீரும் என்று கேட்டாள். போனை வைத்துவிட்டார். மார்க் ஏறியதைப் பார்த்த கோதண்டபாணி புது எண்ணை அச்சடித்துத் துர்காவின் நாற்காலியில் ஒட்டினார்.

ஏழெட்டு மாதம் ஆகிறது. சங்கவிக்கு இன்னும் பால் வற்றவில்லை. மார்பு கனக்கும்... கொஞ்ச நேரத்தில் தானே காலியாகிவிடும். போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு தங்கையிடம் காட்டினாள்.

காம்புக்குக் கீழே, கன்றிப்போய்... அரிசி மாதிரி இரண்டே இரண்டு பல் தடம்.