மூடி அழாமலிருக்க

வட்டிலாப்பத்தில் துளை விழாமலிருக்க என்ன செய்வது என்று முதலில் என்னிடம் கேட்டது வெள்ளவத்தையிலா, எங்கள் கொட்டாஞ்சேனையிலேயா என்று இப்போது நிச்சயமில்லை. சமையல் விஷயத்தில் என் நினைவு பிசகுவதில்லை, காதியாரே. மற்றவற்றில் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாண வழக்குத் தீர்க்கும் உங்களுக்கு என்ன நடந்தது என்பது தெரியும். ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்.

ஆவியில் அவிக்கும் முட்டை இனிப்புதான் அது, விடை எளிது. முட்டையை நுரைக்க அடிக்காமல் கரைத்து வடிகட்ட வேண்டும். அவிக்கும்போது மூடியின் உட்புறம் ஒரு துணி கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆவி நீராகிச் சொட்டும். சொட்டிய இடமெல்லாம் குழி விழும். "மூடி அழக்கூடாது மச்சி, அவ்வளவுதான்" என்பாள் ஜெஸீமா. அவள் என் அண்ணன் ராசிக் நானாவின் மனைவி. நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த எதுவும் என்னுடையதல்ல. எல்லாம் அவளுடையது. இதை மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதால் முதலிலேயே சொல்கிறேன்.

என் கணவர் அலவி மண்ணெண்ணெய் அடுப்பு விற்கும் கம்பெனியில் இருந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மௌத்தானார். நான்கு மாதமும் பத்து நாளும் நான் விதவைக்குரிய இத்தா இருந்தேன். வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், பின்னறையில். ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். பலகையின் இடுக்கால் ஒரு கோடு வெயில் வரும். அது சுவரில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தா முடிந்து வெளியே வந்தபோது, போவதற்கு எனக்கு ஓர் இடமும் இல்லை என்பது தெரிந்தது. திரும்பவும் அந்த அறைதான்.

அப்போதுதான் கம்பெனி மனேஜர் ஹெக்டர் வந்தார். "மிஸிஸ் அலவி, ஆம்பிளை வந்து சமைச்சுக் காட்டினா லேடீஸ் சிரிக்கிறாங்க. நீங்க வந்து பாருங்களேன்" என்றார். புதன்கிழமைதோறும் கார் அனுப்பினார்கள். யாராவது ஒருவர் வீட்டில் பெண்கள் கூடுவார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்து ஒரு கறி செய்து காட்டுவேன். ஆனால் அவர்கள் வந்தது அடுப்பைப் பார்க்கவோ கறியைப் பார்க்கவோ அல்ல. இடையில் நான் சொல்லும் சின்னச் சின்னக் குறிப்புகளுக்காகவே வந்தார்கள். ஹெக்டருக்கும் அது தெரியும். "பழசையே சொன்னா, அடுத்த கிழமை ஆள் இல்லாத வெறுங் கதிரைகளுக்குத்தான் சமைச்சுக் காட்டணும்" என்பார். சிரித்தபடிதான் சொல்வார்.

புதியதற்கு எங்கே போவது? எனக்குச் சோறு வடிக்கவே ஒழுங்காக வராது.

நானா சிங்கப்பூர் போன மறுவருடம் அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதன்பின் ஒரு செய்தியும் இல்லை. தாய் தகப்பன் இல்லாத ஜெஸீமா என்னோடுதான் இருந்தாள். அடுப்படியை விட்டு அகலமாட்டாள். "அவர் வந்தா இந்தக் கூப்பன் அரிசிச் சோத்தையா மச்சி குடுக்கிற?" என்று கேட்டு, அரிசியின் புழுங்கல் நாற்றம் போக எதை எதையோ போட்டுப் பார்ப்பாள். கடைசியில் ஒரு துண்டுக் கரியைத் துணியில் முடிந்து உலையில் போட்டாள். நாற்றம் போயிற்று. சட்டியின் வெளிப்புறத்தில் சவர்க்காரம் பூசி அடுப்பில் வைத்தால் கரி ஒட்டாமல் கழுவலாம் என்றாள். உடைத்த தேங்காயில் கண் உள்ள பாதியை முதலில் துருவ வேண்டும், அதுதான் முதலில் கெடும் என்றாள். புதன்கிழமை அவற்றை நான் சொல்வேன்.

வெள்ளவத்தையில் திருமதி பாலசுந்தரம் ஒருநாள் கேட்டார்: "மிஸிஸ் அலவி, உங்கட தலைக்குள்ள எத்தனை குசினி இருக்கு?"

"ஒண்டுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்த அடுப்படி தலைக்குள் இல்லை, வீட்டின் பின்பக்கம் இருந்தது.

யுத்தம் முடிந்தது. கொம்பனித்தெரு மர்ஸூக், கப்பலில் வேலை செய்பவர், ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றார். "ராசிக் உசிரோட ஈக்கிறார் தங்கச்சி. அங்க சாப்பாட்டுக் கடை போடப் போறார். கப்பல் கிடைச்சதும் வந்து பெண்சாதியக் கூட்டிட்டுப் போவார்" என்றார். அன்றிரவே அவருடைய கப்பல் புறப்பட இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று இன்றும் நம்புகிறேன். பிறகு புதன்கிழமை நினைவுக்கு வந்தது. பிறகு அந்தப் பலகை அடித்த ஜன்னல்.

ஜெஸீமா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "யாரு மச்சி வந்த?"

"கப்பல்காரர். சிங்கப்பூர்ல இருந்து."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கண் இன்னும் காயவில்லை. "சொல்லாதங்க மச்சி" என்றாள். "வாணாம். சொல்லாதங்க."

நான் சொல்லவில்லை.

அவள் கை வளையல்களைக் கழற்றி, துருவி முடித்த சிரட்டைக்குள் போட்டாள். நான் தலையசைத்தேனா என்பது நினைவில்லை. பேசவில்லை என்பது மட்டும் நிச்சயம். பொய் சொல்வதற்கு வாய் திறக்க வேண்டும், காதியாரே.

அதே அறையில் அவள் இத்தா இருந்தாள். நாற்பதாம் நாள், இறந்தவர்களுக்காக ஓதும் கத்தத்தை நானாவின் பேரில் ஓத ஏற்பாடு செய்தேன். குர்ஆன் ஓதுவதால் யாருக்கும் கெடுதி வருவதில்லை. அவருக்குப் பிடித்ததென்று விடியற்காலையிலேயே ஜெஸீமா வட்டிலாப்பம் அவித்து வைத்தாள். மூடியில் துணி கட்ட மறக்கவில்லை.

ஓத வேண்டிய லெப்பை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாக இருந்தார். முற்பகலில் நானா வந்தார்.

வாசலில் ஆணின் காலடி கேட்டதும் ஜெஸீமா எழுந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அந்நியர் குரலும் காதில் விழக்கூடாது என்று தலையணையில் முகம் புதைத்துக்கொள்வது அவள் வழக்கம். அது அவளாக வைத்துக்கொண்ட ஒழுங்கு.

நானா மெலிந்துபோயிருந்தார். தொண்டையில் ஏதோ நோவு வந்து குரல் கம்மியிருந்தது. "எங்க அவ?" என்றார்.

இந்த முறை வாய் திறக்க வேண்டியிருந்தது. நீங்கள் காணாமற்போனதால் பஸஹ் எடுத்துவிட்டாள், காதியார் கல்யாணத்தை முறித்துக்கொடுத்தார், தெற்கே காலி ஊரில் ஒரு புடவைக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்றேன். "தேடிப் போகாதீங்க நானா. இப்ப அவ இன்னொருத்தர்ட பெண்சாதி."

அவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒரு தட்டில் வட்டிலாப்பம் வைத்துக் கொடுத்தேன். பசியோடு வந்தவரைச் சும்மா அனுப்ப முடியுமா? ஒரு வாய் தின்றார்.

"அவட கைப்பக்குவம் மாதிரி ஈக்கு."

"அவதானே எனக்குச் சொல்லித் தந்த."

தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் போனார். சற்றுநேரம் கழித்து ஜெஸீமா கதவைத் திறந்தாள்.

"யாரு மச்சி?"

"கம்பெனி ஆள்."

"வட்டிலாப்பம் குடுத்தீங்களா?"

"ஓம்."

"துளை இருந்திச்சா?"

"இல்ல."

அவளுக்குத் திருப்தி. அன்றைக்குப் பிறகு அவள் முகத்தில் அதை நான் பார்க்கவில்லை.

ஒன்றை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. குறிப்புகள் நின்றுபோயின. இத்தா முடிந்து அவள் மறுபடி அடுப்படிக்கு வந்தாள். சமைத்தாள். உப்பும் புளியும் சரியாகத்தான் இருந்தன. "இந்தப் புதனுக்கு ஏதாச்சும் சொல்லேன்" என்று கேட்டால், "எல்லாம் சொல்லிட்டேன் மச்சி. இனி யாருக்காகத் தேடுற?" என்பாள். நான் பழசைச் சொன்னேன். கதிரைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஹெக்டர் சிரிப்பதை நிறுத்தினார்.

அதன்பின் நான் செய்தது நியாயமான காரியம். அந்தக் காலி ஊரில் மனைவியை இழந்த ஒரு புடவைக்கடைக்காரரைத் தேடிப்பிடித்தேன். ஜெஸீமாவை விதவை என்று சொல்லி நிக்காஹ் செய்துகொடுத்தேன். நானாவிடம் சொன்னதில் பாதியாவது அதற்குப் பிறகு பொய்யில்லை.

இந்த வருடம் நானா மறுமணம் செய்ய நினைத்து, அந்தப் பஸஹ் பத்திரத்தின் பிரதி கேட்டு உங்களிடம் வந்தார். அப்படி ஒன்று இல்லை என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

இப்போது எல்லோரும் இருக்கும் நிலை இதுதான். காலியில் நடந்த நிக்காஹ் செல்லாது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். புடவைக்கடைக்காரர் வேறு பெண் பார்க்கிறார். ஜெஸீமா அங்கே யாரோ ஒருவர் வீட்டுப் பின்னறையில், உயிரோடிருக்கும் இருவருக்கு நடுவே, இந்த முறை மணம் முறிந்ததற்காக, மறுபடி இத்தா இருக்கிறாள், சமைப்பதில்லையாம். நானா மர்ஸூக் வீட்டில் தங்கியிருக்கிறார். அவள் வந்தால் ஏற்பாரா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹெக்டர் வேறொரு பெண்ணை வேலைக்கு எடுத்துவிட்டார். நான் கொட்டாஞ்சேனை வீட்டில் தனியாக இருக்கிறேன், பெரும்பாலும் பின்னறையில்.

அவளை நான் அடைத்துவைத்தேன் என்று சனங்கள் கதைக்கிறார்கள். அதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம். அந்த அறைக்குப் பூட்டே கிடையாது. நானா வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டவள் அவள்தான்.