பீருக்கு வடித்த தண்ணீர்

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரிய கங்காணி மாயாண்டியாகிய நான், என் மனைவி வீரம்மா, மகள் நல்லம்மாள், அவள் புருஷன் அர்ச்சுனன், ஓசிப் பீருக்கு வந்திருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன். வேறு யாரும் இல்லை. இன்ஸ்பெக்டர் ஐயா அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

லகாட் பக்கம் ரப்பர் பால் வெட்டும் எங்கள் கித்தாத் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் எப்போதும் கலங்கலாகத்தான் இருக்கும். அதைக் குடித்துத்தான் நான் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிமிர்ந்து நின்றேன். என் மருமகனுக்கு அது ஆகவில்லை. அவன் துரை பங்களாவில் சமையல்காரன். துரை வீட்டிலேயே பீர் காய்ச்சுவாராம். அதைக் கற்றுக்கொண்டு, துரை கழித்துப்போட்ட இரண்டடுக்குப் பீங்கான் ஜாடி ஒன்றையும் தூக்கிவந்தான். மேல்ஜாடியில் ஊற்றும் தண்ணீர் ஒரு கல் வழியாகக் கசிந்து கீழ்ஜாடியில் தெளிந்து விழும்.

"சேத்துத் தண்ணியில காய்ச்சினா பீரு நாறிடும் மாமா. துரையே சொல்லிட்டாரு லா."

கள்ளுக்கடைக்குப் போகும் கூலியாவது வெளியே போய்க் குடிக்கிறான். இவன் கடையையே என் வீட்டுக்குள் வைத்தான்.

ஓயாமல் புகையிலை அதக்கிய வாய், அவன் வாய். தண்ணீரின் ருசி தெரியாது. அதனால் வடிந்த தண்ணீரில் முதல் டம்ளரை நல்லம்மாள் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் அது பீர்ப்பானைக்குப் போகும். தீர்த்தம் வாங்குவதுபோல் வாங்கிக் குடிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராணி மீசை நுரையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கங்காணி, ஒங்க மக ஊத்துனாத்தான் நுரை நிக்குது. லயத்துல அத்தனை வீடும் சொல்லுது."

என் மகள் தலைகுனிந்திருக்க வேண்டும். சிரித்தாள். "இன்னொரு கிளாஸ் ஊத்தவாண்ணே?" என்றாள்.

மறுநாள் அர்ச்சுனனிடம் கேட்டேன். "மாப்ளே, இந்தக் கல்லு எல்லாத்தையும் பிடிச்சு வச்சுக்குமா?"

"சேத்தைத்தான் மாமா. உப்பைக் கரைச்சு ஊத்துங்க, உப்புத் தண்ணியாத்தான் கீழ வரும்."

நான் மரியாதையாகக் கேட்டேன், அவன் பெருமையாகச் சொன்னான். லாலான் புல்லைக் கருக்கும் மருந்து என் பொறுப்பில்தான் இருந்தது. தண்ணீரில் கலந்தால் நிறம் தெரியாது.

அடுத்த ஞாயிறு மேல்ஜாடியை நானே நிரப்பினேன்.

"அப்பாவுக்குக் கோவம் போயிருச்சும்மா," என்று நல்லம்மாள் தாயிடம் சொன்னாள். வடிந்ததும் டம்ளரில் பிடித்து முழுவதும் குடித்தாள். "இன்னைக்குத் தண்ணி ஜோரா இருக்குங்க."

சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். முதலில் வாசலைத் தாண்டி ஓடியவர் கிராணி. கிளாஸை மட்டும் விடவில்லை. மருந்து கொடுக்கும் டிரெஸர் வந்து உதட்டைப் பிதுக்கினார். அர்ச்சுனன் ஜாடியைக் கட்டிக்கொண்டு, "சுத்தமாத்தானே மாமா இருந்துச்சு," என்று அழுதான். ஆண்பிள்ளை அழும் அழுகையா அது.

மருமகனுக்கு வைத்தது கைதவறி மகளுக்குப் போய்விட்டது, கிழவன் பாவம் என்று சிலிபின் ஊர் வரை பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். அர்ச்சுனன் எங்கிருந்தோ வந்தவன். அவன் கெட்டால் என் பெயருக்கு ஒன்றும் இல்லை. முதல் டம்ளர் யாருடையது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத்தான் வைத்தேன்.