மார்ட்டினிக்கு ஊசி இருக்கு

கடை நடத்துகிறவர்களுக்கு மிகவும் பிடித்த சொல் 'இருக்கு' என்பதுதான். எங்கும் கிடைக்காத ஒன்றைத் தயங்கித் தயங்கி ஒருவர் கேட்பார். நாம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'இருக்கு' என்போம். அவர் மூச்சு விடுகிற சத்தம் படுதாவைத் தாண்டி எனக்குக் கேட்கும். டீ ஆறுகிறது, இன்ஸ்பெக்டர். குடித்துவிட்டே எழுதுங்கள். நான் எங்கும் போகப்போவதில்லை.

இந்தப் படுதாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கடைவீதியில் எங்களுடையது பழைய துப்பாக்கிக் கடை. என் கணவர் தாஜுதீனுக்குக் கண் மங்கலானதிலிருந்து சின்னச் சாமான்களைக் கழற்றி மாட்டுவதெல்லாம் உள்ளே நான்தான். அவர் மவுத்தான பிறகு முன்னால் உட்கார்ந்தது என் கொழுந்தன் ஹனீஃபா. துப்பாக்கி படுதாவுக்கு அடியில் உள்ளே வரும், சரியாகி வெளியே போகும். வாடிக்கைக்காரர்கள் ஹனீஃபாவின் கைராசியைப் புகழ்வார்கள். அவனும் அடக்கமாகத் தலையாட்டுவான். எனக்கு உள்ளே சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்.

போன வருஷம் ஐப்பசியில் சென்னைக் கம்பெனி ஒன்று மார்ட்டினியின் உதிரிச் சாமான்களைக் கழித்துவிடப் போவதாக ஆள் வந்து சொன்னான். பழைய துப்பாக்கி அது. கீழே உள்ள பிடியை இறக்கினால் வாய் திறக்கும், ஒரு தோட்டா போடலாம், அவ்வளவுதான். தோட்டாவின் பின்புறத்தை அடிக்கிற ஊசி பெட்டி நிறைய இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டான்.

"வேணாம் மதினி," என்றான் ஹனீஃபா. "மார்ட்டினி வச்சிருக்கவன்ல பாதிப் பேரு கபருக்குப் போயிட்டான், பாதிப் பேரு சுடுகாட்டுக்குப் போயிட்டான்."

"மிச்சம் இருக்கவங்க எங்க போவாங்க தம்பி?"

"மிச்சமா? பேசாம கடையையே மாத்திடுவோம். சைக்கிள் வைப்போம். ஊரே சைக்கிள்ல பறக்குது."

சைக்கிள் கடையில் படுதாவுக்கு வேலையில்லை. சக்கரத்தில் காற்றடிக்க என்னைக் கேட்க மாட்டார்கள். நான் அடுக்களைக்குப் போய் மற்றப் பெண்களோடு இஞ்சி உரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் பெட்டியை வாங்கியே தீர வேண்டும் என்றேன். கடைசியில் அவன் ஒரு நிபந்தனை போட்டான். அடுத்த வருஷத்து மார்கழிக்குள் பெட்டி காலியானால் துப்பாக்கிக் கடை; இல்லாவிட்டால் சைக்கிள் கடை.

பெட்டி வந்த அன்று நான் ஒரு சிறுமியைப் போல இருந்தேன். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து ஒவ்வொரு ஊசியாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். என்ன ஒரு குளிர்ச்சி.

மார்கழியில் லைசன்ஸ் புதுப்பிப்பதற்கு முன்னால் எல்லோரும் துப்பாக்கியைச் சுத்தம் செய்யக் கொண்டுவருவார்கள். மார்ட்டினிகளும் வந்தன. கழற்றிப் பார்த்தேன். எல்லாம் புதிது போல இருந்தன. இன்ஸ்பெக்டர், அந்தத் துப்பாக்கி கெட்டுப்போவதே இல்லை. செய்தவனுக்கு வியாபாரம் தெரியவில்லை.

அரத்தை எடுத்தேன். அவர்கள் துப்பாக்கியில் இருந்த பழைய ஊசியின் முனையில் நகக்கீறல் அளவு. அதற்கு மேல் இல்லை. கடையில் அடித்துப் பார்த்தால் அடிக்கும். வெளியே ஒரு சமயம் தோட்டா வெடிக்கும், ஒரு சமயம் சும்மா இருக்கும். இதைத் தப்பு என்று நினைத்திருந்தால் என் கை நடுங்கியிருக்கும். நடுங்குகிற கையால் அவ்வளவு சீராக அராவ முடியாது. இதை யோசித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதியானது.

முதலில் வந்தவர் ஸ்ரீரங்கத்து மிராசுதார் சௌரி ஐயங்கார். புது மாப்பிள்ளையைக் கொள்ளிடக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், குறி பார்க்கும் அழகைக் காட்டியிருக்கிறார்.

"டிக்குன்னுது ஓய் ஹனீஃபா. அவ்வளவுதான். மாப்பிள்ளை சிரிச்சுட்டார். பெருமாளே, இதுக்கா இத்தனை தூரம் நடத்திண்டு வந்தேள்னு கேட்டுட்டார்."

"ஊசி தேஞ்சிருக்குங்க சாமி."

"கிடைக்குமா?"

"இருக்கு," என்றான் ஹனீஃபா. அவன் குரலே மாறிவிட்டது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் சந்தோஷம் படுதாவைத் தாண்டிக் கேட்டுவிடக் கூடாதே.

அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நரி தப்பிய கதை, குரங்கு திரும்பி நின்று பல்லைக் காட்டிய கதை. கடையில் ஒரே சிரிப்பு. ஹனீஃபா சைக்கிள் பேச்சையே விட்டுவிட்டான். நான் காலையில் எழும்போதே பாட்டு முணுமுணுத்தேன். எனக்கு முப்பத்தெட்டு வயது. அப்படி ஒரு வருஷம் அதற்கு முன் எனக்கு வாய்க்கவில்லை.

தொட்டியத்து வீரமலையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன். வாழைத்தோட்டத்தில் பன்றிக்காவலுக்கு மார்ட்டினி வைத்திருந்தார். மார்கழியில் மனைவி காளியாயியோடு வந்தார்.

"பாய், இது என் மூத்த சம்சாரம். பாத்துச் செய்யுங்க."

"அப்ப நான் யாரு? சோறாக்குற கூலியா?" என்றாள் காளியாயி.

"நீ பேசுவ. அது நான் சொன்னாத்தான் பேசும்."

நானும்தான் உள்ளே சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் அராவினேன். பன்றிக்கு முன்னால் நிற்கிறவர் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் ஐயங்காருக்கு ஒரு நியாயம், குடியானவருக்கு ஒரு நியாயம் என்று கடையில் பார்க்கக் கூடாது.

ஆவணியில் அவர் சொல்லியும் அது பேசவில்லை. பன்றி இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கவில்லை என்றார்கள்.

அவர் போய் நாற்பது நாள் கழிந்து காளியாயி மட்டும் பஸ்ஸில் வந்தாள். ஹனீஃபா மதியம் லுஹர் தொழப் போயிருந்தான். "மவன் பேருக்கு லைசன்ஸ் மாத்தணுங்க. இது ஏன் வெடிக்கலன்னு பாக்கணுங்க," என்று படுதாவைப் பார்த்துச் சொன்னாள். அவள் அழவில்லை. நான் துப்பாக்கியை உள்ளே இழுத்துக்கொண்டேன். பெட்டியில் கடைசி ஊசி இருந்தது. அதை மாட்டினேன். கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவது எங்கள் கடை வழக்கம். மாற்றாமலே மாற்றினதாகச் சொல்லிவிட்டார்கள் என்று யாரும் பேசிவிடக் கூடாது. பெட்டி காலியான பூரிப்பில் எனக்குக் கால் தரையில் இல்லை. வழக்கப்படி மடித்தேன், கொடுத்தேன். அரத்தின் கோடு அதில் அப்படியே இருந்தது.

லைசன்ஸ் மாற்ற வந்த இடத்தில் காளியாயி அந்த மடிப்பைக் கொடுக்க, அதை உங்கள் ஆயுதக் கிடங்குக்காரர் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார். நீங்கள் ஹனீஃபாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அவனை விட்டுவிடுங்கள். பாசத்தில் சொல்லவில்லை. அவன் அராவியிருந்தால் முனை கோணியிருக்கும். அந்த ஊசியைத் திரும்பப் பாருங்கள், எத்தனை நேராக இருக்கிறது. ஒவ்வொன்றையும் நான்தான் அராவினேன். வீரமலையினுடையதையும் நான்தான் அராவினேன். அதை இன்னொருவர் பேரில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். காளியாயியிடம் நான் காசு வாங்கவில்லை. படுதாவுக்கு அடியில் துப்பாக்கியை நீட்டியபோது அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நீங்கள் நியாயம் தெரிந்தவர். நான் அந்த ஊசிகளை வாங்கி வைக்காமல் இருந்திருந்தால், அந்த ஏழைப் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.