பின் இருக்கை வாடை

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சை இழுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் சார். யுத்தம் முடிந்த மறு வருஷம் திருச்சியில் ஒரு புகையிலை வியாபாரியிடம் அந்தக் கறுப்புக் காரை வாங்கினேன். உடையார்பாளையம் வந்து சேர்வதற்குள் தலை கனத்துவிட்டது. புகையிலைக் காரமும், இருக்கைக்குள் நனைந்து புழுங்கிய தேங்காய் நாரின் முடையும் சேர்ந்த ஒரு வாடை.

என் மனைவி ரத்தினம்மாள் போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. பிள்ளைகள் கிடையாது. சமைக்க வரும் மருதாயி இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். கார் இருந்தால், கல்யாணம் காட்சிக்கு வண்டி கேட்டாவது சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று நினைத்தேன். அக்காள் மகள் கமலவேணி வந்தாள். அரியலூரில் ரயில் ஏற்றிவிடச் சொன்னாள். ஊர் எல்லை தாண்டவில்லை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. குடலைப் பொரட்டுது. நான் மாட்டு வண்டியிலயே போயிக்கிறேன்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

டிரைவராக வந்த அரங்கநாதன் பாடாலூர்க்காரன். வந்த அன்றே பின் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தான். "இந்த நாத்தத்தைப் போக்காம நான் இங்கேருந்து போவ மாட்டேங்க" என்றான். என்னிடம் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

இருவரும் சேர்ந்துதான் வேலை பார்த்தோம். இருக்கைகளைக் கழற்றி வெயிலில் போட்டோம். ஆப்பச் சோடாவைத் தூவித் தட்டினோம். எலுமிச்சைத் தோலால் தோலுறையைத் தேய்த்தோம். காப்பித் தூள் மண்டியைக் காயவைத்துத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டோம். கதவுகளின் உட்புறத் துணியை உரித்தபோது, கதவைத் திறக்கும் உள் கைப்பிடிகளையும் கழற்றிவிட்டோம்; திரும்ப மாட்டவில்லை. ஒரு நாள் கரி நெருப்பில் சாம்பிராணி போட்டு, சட்டியை உள்ளே வைத்துக் கண்ணாடிகளை ஏற்றினோம். புகை எப்படி இருக்கிறது என்று நான் குனிந்தபோது அவன் என் தோளைப் பிடித்து இழுத்தான்.

"தலையை உள்ள விடாதீங்கய்யா. கரிப் புகை ஆளைச் சாச்சுடும்."

வேலைக்கு நடுவே தன் ஊரைப் பற்றிப் பேசுவான். மலர்கொடி என்ற பெண்ணைப் பற்றியும் பேசுவான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் சாப்பாட்டையும் கார் கொட்டகைக்கே கொண்டுவரச் சொன்னேன்.

நார் மாற்றிய பிறகு வாடை குறையத் தொடங்கியது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, பின் இருக்கையின் அடியில் கொஞ்சம் பால் ஊற்றினேன். புளித்த பிறகு பாலின் வாடையைப் போக்குவது எளிதல்ல. அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். நான் மறுபடி ஊற்றினேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி அடைமழையின்போது அவன் இருக்கையைத் தூக்கிப் பார்த்தான். அன்று காலை ஊற்றிய பால் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. அவன் பாலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

"ஏங்கய்யா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினான்.

"திருச்சியில பஸ் ஓட்டக் கூப்பிடுறாங்க. தை பொறந்தா கல்யாணம். மழை விட்டதும் கெளம்புறேங்க. வேற ஆளைப் பார்த்துக்கிடுங்க."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சாரலுக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின் இருக்கையில் படுத்தான். முன் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தான். தலைமாட்டில் அவன் துணிமூட்டை இருந்தது. நன்றாகத் தூங்கினான். அவன் தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுக்களைக்குப் போய்ச் சட்டியில் நெருப்பு அள்ளி வந்தேன். மருதாயி எதற்கென்று கேட்டாள்.

"காருக்குப் புகை போடணும்" என்றேன்.

"டிரைவர் தம்பி இல்லீங்களா?"

"பஸ்ஸுக்குப் போயிட்டான்."

நேற்று உங்கள் ஏட்டிடம், அவன் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்றேன். கண் சரியாகத் தெரியாத வயசு என்று அவரும் அதை எழுதிக்கொண்டார். அதை அடித்துவிடுங்கள். தெரிந்துதான் சட்டியைக் காருக்குள்ளே முன்பக்கம் வைத்தேன். தெரிந்துதான் கதவைச் சாத்தினேன். அதை உள்ளேயிருந்து திறக்க முடியாது என்பதும் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக் காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவனைத் தனியாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது. ஒரு சமயம் அவன் எழுந்து உட்கார்ந்தது கண்ணாடியில் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டினான். பலமாக அல்ல, கைக்கு வலு இல்லாதவனைப் போல. "அய்யா" என்றான். பிறகு இன்னொரு தடவை.

வாசலில் யாராவது நின்று கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று, சார். எழுந்து போய்க் கண்ணாடியில் அவன் கை இருந்த இடத்தில் என் கையை வைத்தேன். அதற்குப் பிறகு அவன் தட்டவில்லை. ஆள் இருப்பது தெரிந்து நிம்மதியாகிவிட்டான்.