பொதுச் சுவர்

குளியலறையில் ஒரு ஈரத் துண்டு தொங்கினால் போதும், வீடு பார்க்க வருகிறவர்களின் முகம் மாறிவிடும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. விலையைக் குறைப்பார்கள், அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள், துண்டை மட்டும் எடுக்க மாட்டார்கள். இப்படி விற்காமல் கிடக்கும் அடுக்குமாடி வீடுகளைப் போய்ப் பார்த்து, ஏன் விற்கவில்லை என்று சொல்வதுதான் என் தொழில். தரகர்கள் என்னை வைத்தியக்காரி என்பார்கள். கிண்டல்தான். ஆனால் தங்களால் ஆகாது என்று தெரிந்துவிட்டால் என்னிடம்தான் ஓடி வருவார்கள்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதமும் தண்ணீரும் கொடுத்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

அந்த வீடு நான்காம் மாடியில். காலை வெயில் கூடம் முழுக்க விழும். லிஃப்ட் ஒழுங்காக ஓடியது, தண்ணீருக்கும் குறைவில்லை. மூன்று முறை விலை குறைத்தும், வந்து பார்த்தவர்கள் யாரும் இரண்டாம் முறை வரவில்லை. தரகர் வெறுத்துப்போய் என்னை அனுப்பினார். வீட்டுக்காரர் வங்கி அதிகாரி. தங்கமான மனுஷர் என்று வாசலில் காவலாளி சொன்னார், எனக்கும் அப்படித்தான் பட்டது. எழுந்து வந்து கதவைத் திறந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார். தன் மனைவியிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. சில வீடுகள் அப்படித்தான்.

சுவரின் வர்ணம், சிங்க்குக்கு அடியில் ஈரம், ஜன்னல் கொக்கிகள் என்று வழக்கம்போல எல்லாவற்றையும் பார்த்தேன். குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் வெளிப்பக்கம் இருந்தது. வாங்க வருகிறவர்கள் பெரிய விஷயத்தை விட்டுவிட்டு இந்த மாதிரி சின்ன விஷயத்தில்தான் தயங்குவார்கள். அதைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, வர்ணம் பூசச் சொன்னேன். "நல்ல யோசனை மேடம்" என்றார்.

பிறகு படுக்கையறைக்குள் சற்று நேரம் சும்மா நின்றேன். பக்கத்து வீட்டுக்கும் அந்த அறைக்கும் ஒரே பொதுச் சுவர். கட்டியவர் செங்கல்லில் கஞ்சத்தனம் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு தையல்கார அம்மாள், வயதானவர், தனியாக இருப்பவர். அவருடைய மெஷின் என் காதுக்குள்ளேயே ஓடியது. அவர் தும்மினால் இங்கிருந்தே நூறாயுசு சொல்லலாம் போலிருந்தது.

ஆனால் வருகிறவர்கள் ஒரு அறையில் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? சுவரை அவர்களாகக் கவனிக்க வாய்ப்பில்லை. யாரோ கவனிக்க வைக்கிறார்கள் என்று தோன்றியது. அடுத்து ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தபோது அவர்களோடு நானும் போனேன். வீட்டுக்காரர் கூடத்தில் நின்றார். அவர் மனைவிதான் அவர்களைப் படுக்கையறைக்கு அழைத்துப் போனாள். குரலைத் தாழ்த்தி, "இங்க பேசுற எல்லாமே அந்தப் பக்கம் கேக்கும். அங்க பேசுறதும் இங்க கேக்கும். குழந்தை இருந்தா தூங்காது" என்றாள். அவ்வளவுதான். அவர்கள் பால்கனியைக்கூடப் பார்க்காமல் கிளம்பினார்கள். கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கணவர் அவர்களை வழியனுப்பக் கீழே போனதும் நேராகவே கேட்டேன். "ஏம்மா, வீடு விக்கக் கூடாதுன்னு நீயே வேலை பாக்குறியா?"

அவள் மறுக்கவில்லை. "ஆமாக்கா. ஊருக்கு வெளிய தனி வீடு பாத்து வச்சிருக்காரு. சுத்தி ஆளே கிடையாது."

"அமைதியா இருக்குமே" என்றேன்.

சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். பழையதும் புதியதுமாகக் கன்றிப்போயிருந்தது. "இந்தச் சுவர் இருக்கறதாலதான் இத்தோட நிக்குது. சத்தம் கேட்டா அந்த அம்மா மெஷினை நிறுத்திட்டு, கத்தரிக்கோலால சுவத்துல தட்டுவாங்க. 'என்னப்பா அங்க'ன்னு ஒரு சத்தம் போடுவாங்க. உடனே கையை இறக்கிடுவாரு. நாலு பேர் என்ன நெனைப்பாங்கன்னுதான் அவருக்கு பயமே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். கிடைச்சதும் போயிடுவேன். அதுவரைக்கும் இந்த வீடு விக்காம இருந்தாப் போதும்."

சரி என்று தலையாட்டினேன். அவளுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டேன், அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நான் வேலை செய்தது அவள் கணவருக்கு. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதை மறைத்தால் நான் எதற்கு? இதுவரை ஒரு வீட்டைக்கூட, தெரியவில்லை என்று நான் கைவிட்டதில்லை. கைவிட்டிருந்தால் அந்தத் தரகர்கள் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

மறுநாள் வங்கிக்கே போய் அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். வீடு பார்க்க ஆள் வரும்போது உங்கள் வீட்டம்மா சுவரைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுவரையும் சரி செய்துவிடலாம் என்றேன். மரச்சட்டம் அடித்து, நடுவில் பஞ்சை இறுக்கி வைத்து, மேலே பலகை போட்டு மூடுவதை ஒரு தாளில் வரைந்தும் காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார்.

"இதைப் போட்டா, நம்ம பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் போகாதா?"

இந்த வேலையைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வராதா என்றுதான் கேட்பார்கள். அவர் ஒருவர்தான் மாற்றிக் கேட்டார். அதை நான் கவனித்தேன்.

"போகாது" என்றேன். குறைத்த விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கூட விற்கலாம் என்றும் சொன்னேன்.

பலகை போட்டதும் முதலில் வந்தவர்களே முன்பணம் கொடுத்தார்கள். பத்திரம் பதிவதற்குள் அவள் அந்த அறையில் இறந்துவிட்டாள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள் என்று அவர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. தையல்கார அம்மாள் அந்த நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினில்தான் இருந்தார், ஒன்றுமே கேட்கவில்லை என்று உங்களிடம் அழுதாராம். அவரைச் சந்தேகப்படாதீர்கள், உண்மையிலேயே கேட்டிருக்காது. வாங்க வந்தவர்கள் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீடு இப்போது மறுபடியும் அப்படியே கிடக்கிறது. ஏன் என்று சொல்ல இனி நான் தேவையில்லை.

பலகை அடித்த பிறகு அந்தப் பக்கம் போய்ச் சோதித்தாயா, ஏதாவது கேட்டதா என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். கேட்கவில்லை என்றே சொல்லிவந்தேன். அது பொய்.

சோதிக்காமல் எந்த வேலையையும் நான் முடிப்பதில்லை. வீட்டுக்காரரைப் படுக்கையறையில் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டுக் கூடத்தில் இருக்கச் சொன்னேன். தையல்கார அம்மாளிடம், உங்கள் மெஷின் சத்தம் அங்கே போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். தேநீர் போட உள்ளே போனார். நான் சுவரில் காதை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்ந்தேன். ரேடியோ எங்கோ கொசு பறப்பதுபோலத்தான் கேட்டது. சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் தெளிவாக ஒரு குரல் கேட்டது. பெட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குடைந்திருப்பார்கள், பலகை போட்டாலும் அங்கே இடைவெளி இருக்கும். அவள் அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

"அக்கா, நீங்கதானே? நீங்க சொன்னதுலேர்ந்து வெளிக்கதவைப் பூட்டிட்டுப் போறாரு. ஃபோனையும் எடுத்துக்கிட்டாரு. நான் உள்ள இருக்கேன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. அது மட்டும் போதும்க்கா."

தையல்கார அம்மாள் தேநீரோடு வந்து நின்றார். "ஏதாவது கேக்குதாம்மா? என் மெஷினால அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு தொந்தரவோன்னு எனக்கு மனசே கேக்காது."

"ஒண்ணும் கேக்கலை" என்றேன். தேநீரைக் குடித்து முடித்தேன்.

திரும்பிப் போய் வீட்டுக்காரரிடம், "எல்லாம் சரியா இருக்கு. சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாடி மட்டும் இன்னும் கேக்குது. அடைச்சிடுங்க" என்றேன்.

"எது கேக்குது மேடம்?"

"ரேடியோ" என்றேன்.

ரேடியோ என்றுதான் சொன்னேன், அதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் பேசியதைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை. ஒருத்தி நம்பிச் சொன்னதை வெளியே சொல்லித் திரிகிறவள் நான் இல்லை.