ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்ற பங்காரம்மாள்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் சாமிநாதன் அவர்களே, சபையின் குருவானவர் ஆரோன் ஐயர் அவர்களே, கேட்ட மாத்திரத்தில் வாசலில் பந்தல் போட்டுக் கொடுத்த காதர் பாய் அவர்களே, கே.ஜி.கண்டிகையிலிருந்தும் கனகம்மாசத்திரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, பங்காரம்மாளிடம் அ, ஆ கற்று இன்று என்னையே திருத்துகிற அளவுக்குப் படித்துவிட்ட பெண்மணிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் வீரபத்திரன். சன்னதித் தெருவில் அச்சகம் வைத்திருக்கிறேன். இந்த வாசகசாலைக்குக் காரியதரிசி. பேரிலே சாமி உண்டு, ஆசாமியிடம் கிடையாது. மலைக்கோயிலில் இருக்கிறவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆரோன் ஐயர் யாரைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறாரோ அவரோடும் அப்படித்தான். இப்படிப்பட்டவனை ஒரு கிறிஸ்தவ அம்மையாரின் இரங்கல் கூட்டத்தில் ஏன் பேசவிட்டார்கள் என்று சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. பதினோரு வருஷம் அந்த அம்மாளோடு சண்டை போட்டவன் நான். அந்தத் தகுதி இந்த மேடையில் வேறு யாருக்கு இருக்கிறது?

எஸ்தர் பங்காரம்மாள், மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, போன செவ்வாய்க்கிழமை காலை மார்வலி கண்டு காலமானார். வயது ஐம்பத்தெட்டு. எனக்குத் துக்கம் இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளை நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, துக்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. நான் என்ன செய்ய? ஆகையால் இன்று சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்தப் பழி என் தலையில் இருக்கட்டும்.

இந்த வாசகசாலையில் சனிக்கிழமை சாயங்காலம் விவாதக் கூட்டம் நடப்பது ஊரறிந்த விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே தலைப்பு வரும். ‘தனி மனிதனின் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் கிறிஸ்து மார்க்கம் துணையா, தடையா?’ துணை என்று பங்காரம்மாள், தடை என்று நான். கேட்க வருகிறவர்கள் வேர்க்கடலை வாங்கிக்கொண்டே வருவார்கள்.

நான் என்ன சொல்வேன்? “ராஜாவுக்கு அடங்கு, எஜமானுக்கு அடங்கு, புருஷனுக்கு அடங்கு என்று சொல்லிக் கொடுக்கிற மார்க்கத்தில் சுதந்திரம் எங்கே? ஞானஸ்நானத் தண்ணீரில் பாவமெல்லாம் கரைகிறதாம், ஜாதி மட்டும் ஏன் கரையவில்லை?” என்பேன். கைதட்டல் வரும். பங்காரம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். அப்புறம் பதில் வரும். “பிரஸ்காரரே, சேரிப் பொண்ணும் ரெட்டியார் வீட்டுப் பொண்ணும் ஒரே பெஞ்சியிலே உக்காந்துகினு படிக்கிறது எந்தப் பள்ளிக்கூடத்திலே? எங்க வேதத்திலே கடவுள் முன்னாடி ஒவ்வொருத்தரும் தனித்தனியா நிக்கணும். புருஷன் முதுகுக்குப் பின்னாடி பொண்டாட்டி ஒளிஞ்சுக்க முடியாது. அவளுக்குன்னு ஒரு கணக்கு உண்டு, அவளுக்குன்னு ஒரு வாய் உண்டு. இதைவிட இன்னா சுதந்திரம் வேணும்?” அதற்கும் கைதட்டல் வரும். நான் விடுவேனா? “செத்த பிறகு தனியாக நிற்பது இருக்கட்டும், டீச்சரம்மா. இருக்கிறபோது?” என்பேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், நாற்பத்தோராம் வருஷம், அதே தலைப்பில் பேசினோம். அன்றைக்கு என்னிடம் புதிதாக ஓர் ஆயுதம் இருந்தது. கிறிஸ்தவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குருவானவர் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், இதற்குத் தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்பார். அதைப் பிடித்துக்கொண்டேன். “மூன்று தரம் ஊரையெல்லாம் கேட்கிறீர்களே, டீச்சரம்மா, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை ஒரு தரமாவது கேட்டீர்களா?” என்றேன். கூரை பிய்ந்துவிடும்போல் கைதட்டினார்கள். பங்காரம்மாள் அன்றைக்கும் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஜெயித்தேன் என்று வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் போன இடம் சபைக் கமிட்டிப் பெரியவர் ராஜமாணிக்கம் அவர்கள் வீடு. அவருடைய மகள் ஜெயமணிக்கு மறுநாள் காலை மூன்றாவது ஓலை. ஜெயமணிக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சியில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மாப்பிள்ளை அரக்கோணத்துக்காரர், நாற்பத்திரண்டு வயது, முதல் தாரம் இறந்தவர். அவரிடம் ராஜமாணிக்கம் கண்ட விசேஷம் ஒன்றே ஒன்று. இரண்டு குடும்பத்துக்கும் ஞானஸ்நானத்துக்கு முன்னால் இருந்த ஜாதி ஒரே ஜாதி. ராஜமாணிக்கம் அவர்கள் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவர் எதிரில் சொல்கிறேன், அவர் அனுமதியோடு சொல்கிறேன்.

கொல்லைப்புறத்தில் ஜெயமணியைப் பார்த்து, “உன்னை யாராவது கேட்டாங்களாடி?” என்றார் பங்காரம்மாள். “ஒருத்தரும் கேக்கல டீச்சரம்மா. நைனாவே முடிவு பண்ணிட்டாரு.” “உனக்கு இஷ்டமா?” பெண் தலையை ஆட்டவில்லை, அழுதாள். “வாயாலே சொல்லுடி” என்றார். “இஷ்டமில்லை. நைனா கிட்ட சொல்ல பயமா இருக்குது” என்றாள். பங்காரம்மாள் கூடத்துக்கு வந்து ராஜமாணிக்கத்திடம் பேசிப் பார்த்தார். “எல்லாம் முடிஞ்சுபோச்சு டீச்சரம்மா. இதுல பொம்பளைங்க பேசறதுக்கு இன்னா இருக்குது?” என்று அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஒன்றை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ராஜமாணிக்கம் சபைக்கு மட்டும் பெரியவர் அல்ல, பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் அவரே தலைவர். பங்காரம்மாளின் உத்தியோகம் அவர் கையில். புருஷனை இளமையிலேயே இழந்த அந்த அம்மாளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு என்ன இருந்தது?

ஞாயிறு காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் மேடையில் இருக்கிறார். ஐயரே, தப்பாகச் சொன்னால் திருத்துங்கள். ஐயர் அப்போது புதிதாக வந்தவர், சின்ன வயசு. ஓலையை வாசித்தார், தடை தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்றார், பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த அறிவிப்புக்குப் பக்கத்தைத் திருப்பினார். அவர்மேல் தப்பில்லை. அந்தச் சபை உண்டான நாள் முதல் அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. ஆண்கள் பெஞ்சில், பெண்கள் பாயில். பாயிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு பங்காரம்மாள் எழுந்து நின்றார்.

“தடை இருக்குது ஐயரே. பொண்ணுக்குச் சம்மதமில்லை. அவளைக் கேட்டுட்டு அப்புறம் படிங்க.”

ராஜமாணிக்கம் துள்ளி எழுந்தார். “சபையிலே பொம்பளை பேசக் கூடாது. வேதத்திலேயே இருக்குது. உக்காருங்க.”

“ஐயர் ‘யாராவது’ன்னு கேட்டாரு. நானும் யாராவதுதான்” என்றார் பங்காரம்மாள். உட்காரவில்லை.

ஐயர் என்ன செய்தார்? புத்தகத்தை மூடினார். பீடத்தைவிட்டு இறங்கி, பெண்கள் பக்கம் வந்து, பாய் ஓரத்தில் நின்று, “ஜெயமணி, உனக்குச் சம்மதமா?” என்றார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தகப்பன் பார்த்துக்கொண்டிருக்கிறார். “இல்லீங்க ஐயரே” என்றாள் பெண். கல்யாணம் அந்த இடத்திலேயே நின்றது.

கமிட்டி சும்மா இருக்குமா? பங்காரம்மாள் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைமைப் பதவி போகும் என்றார்கள். கொடுத்தார். அந்தக் கடிதத்தை ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகத் தெரியும். ‘முதல் ஞாயிறே எழுந்திருக்க வேண்டியவள் மூன்றாம் ஞாயிறு வரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வாரத் தாமதத்துக்காக மன்னிப்புக் கோருகிறேன்.’ இதுதான் கடிதம். பதவி போயிற்று. ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அழுதுகொண்டு போனாரா? நேரில் பார்த்துக் கேட்டேன். “பிரஸ்காரரே, மூக்கு சிந்தற பசங்ககூட உக்காந்து இருவது வருஷம் ஆச்சு. ஜாலியா இருக்குது” என்றார். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு வந்தது யோகம். அடுத்த வருஷம் பெற்றவர்கள் கூட்டமாகப் போய் நின்று அவரை மறுபடி தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிறு விஷயம் கேள்விப்பட்டதும் நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கேள்விதானே அந்த அம்மாளை எழுப்பியது? திங்கட்கிழமை காலை பங்காரம்மாள் அச்சகத்துக்கு வந்தார். பாராட்ட வருகிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்காராமல் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். ஜெயமணியின் கல்யாணப் பத்திரிகை. கீழே என் அச்சகத்தின் பெயர். யுத்த காலம், காகிதம் கிடைக்காத காலம், அப்படியும் அலைந்து நல்ல காகிதம் வாங்கி நானே அச்சடித்துக் கொடுத்தது. “சனிக்கிழமை எங்களைக் கேட்டீங்களே பிரஸ்காரரே, இதை அடிக்கும்போது நீங்க பொண்ணைக் கேட்டீங்களா?” என்றார். துடைத்துப் போட்ட நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அன்று முதல் ஆரோன் ஐயர் ஓலை எழுதுவதற்கு முன்பே பெண்ணைத் தனியாகப் பார்த்துக் கேட்கிறார். என் அச்சகத்திலும் நான் கேட்கிறேன். பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம், “பொண்ணுக்குச் சம்மதந்தானே?” என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு அச்சகம் தேடி அரக்கோணத்துக்கு ரயில் ஏறிவிடுவார்கள். காதர் பாய் தம் மகள் நிக்காஹுக்கு வந்தபோது, “எங்களவங்க பொண்ணை மூணு தரம் கேப்பாங்க, நீர் இன்னா நாலாவது தரமா?” என்று கேட்டார். சிரிக்கிறாரே, அவரையே கேளுங்கள்.

அப்படியானால் துணையா, தடையா? தீர்ப்புச் சொல் என்கிறீர்கள். தடுத்தவர்களும் கிறிஸ்தவர்கள், எழுந்து நின்றவரும் கிறிஸ்தவர். வாயை மூடு என்று அவர்கள் எடுத்துக் காட்டியதும் அந்த வேதம், உனக்குன்னு ஒரு வாய் உண்டு என்று அவருக்குச் சொன்னதும் அதே வேதம். என் சுயமரியாதைத் தலைவர்கள் எழுதிய புத்தகங்கள் அத்தனையும் படித்தவன் நான், எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் கூட்டத்தில் தனியாக எழுந்து நின்றேன்? என் வாதத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் வாதம் செய்யும் யோக்கியதை எனக்கு இருந்ததா என்பதுதான் இந்த நாலு நாளாக என்னை அரிக்கிறது.

ஏன் அரிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன். நம் வாசகசாலையின் நாலாவது விதி உங்களுக்கு ஞாபகமா? ‘ஆண்கள் மாத்திரமே அங்கத்தினர்.’ சமத்துவத்தைப் பற்றிப் பதினோரு வருஷம் இங்கே பேசிய பங்காரம்மாளின் பெயர் நம் அங்கத்தினர் பட்டியலில் இல்லை. ‘சிறப்புப் பேச்சாளர்’ என்று போடுவோம். நாற்காலி எங்கே போட்டோம்? நிலைப்படிக்கு வெளியே. அங்கிருந்துதான் அவர் பேசினார், மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பேசினார். போன வருஷம் ஒரு நாள் என்னிடம் சொன்னார். “பிரஸ்காரரே, சபையிலே எனக்குப் பாய்தான் போட்டாங்க. ஆனா உள்ளே போட்டாங்க.” நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். பெரியோர்களே, நான் சிரித்தேன்.

துக்கம் விசாரித்து, மாலை போட்டு, படம் மாட்டிவிட்டுப் போனால் போதுமா? போதாது. நாலாவது விதியை இன்றோடு அடித்து நீக்க வேண்டும் என்று காரியதரிசி என்ற முறையில் நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஆள் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். இன்று காலை அச்சகத்துக்கு ராஜமாணிக்கம் வந்தார். ஐந்து வருஷம் என் முகத்தைப் பார்க்காதவர். “வீரபத்திரா, அந்தம்மா செத்தப்புறம் என் மவ ரெண்டு நாளா சாப்பிடல. அவளைக் கூட்டத்துல பேச விடுவியா? விடறதா இருந்தா நான் கை தூக்கறேன்” என்றார். அதோ, தூக்கிவிட்டார். தலைவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.

இரங்கல் கூட்டத்தில் பெண்கள் பேசி இந்த ஊர் கேட்டதில்லை. ஆசிரியை ஜெயமணி அவர்கள் வெளியே பந்தல் கால் ஓரமாக நின்றுகொண்டிருக்கிறார்கள். அம்மா, உள்ளே வாருங்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் கால் மணி மிச்சமிருக்கிறது, அது உங்களுடையது. எனக்கு எதிராகவே பேசுங்கள்.