ருசி பார்க்கும் வேலை

உத்திரமேரூரில் செங்கல்பட்டு பஸ் கிளம்பியதும் என் முன் சீட்டில் இருந்த அம்மா பக்கத்திலிருந்த மகளிடம் சத்தமாகவே கேட்டார்.

“அப்பன் குடிச்சி செத்த வூட்லேர்ந்து சாராய கம்பெனி இண்டர்வியூக்குப் போறியா?”

“சாராயம் இல்லம்மா, ஒயின். பிரான்சுல பெரிய திராட்சத் தோட்டம். ராஜா காலத்துலேர்ந்து அங்கியே செஞ்சிக்கினு கீறாங்க.”

“ஜூஸ் கம்பெனின்னு சொன்னியே?”

“நெஜத்த சொன்னா வுட்டிருப்பியா?”

அந்த அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சாலவாக்கம் தாண்டியதும் மகள்தான் மெதுவாக ஆரம்பித்தாள்.

“முன்ன ஒரு பூச்சி வந்து கொடிங்க வேரெல்லாம் தின்னுடுச்சாம். மொதலாளியும் செத்துட்டாரு. அவரு பொண்டாட்டிதான் தனியா நின்னு, பூச்சி திங்காத வெளிநாட்டு வேர்ல ஒட்டுக் கட்டி, தோட்டத்த மறுபடி கொண்ணாந்துச்சி.”

“அவ குடிச்சாளா?”

“எந்த பீப்பாய் பதமா கீதுன்னு ருசி பாக்கணும்மா. வாயில வெச்சிட்டு துப்பிடணும். எனுக்கும் அத்த கத்துத் தருவாங்க.”

“நீ துப்பிடுவியா?”

“துப்பிடுவேன்.”

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பன் இன்னா பண்றாருன்னு கேட்டா?”

“ஒடம்பு சரியில்லாம செத்துட்டாருன்னு சொல்றேன்.”

பஸ் செங்கல்பட்டு நிலையத்துக்குள் திரும்பியது. எல்லாரும் எழுந்தார்கள். அந்த அம்மா மட்டும் மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“பொய் சொல்லாத. குடிச்சி செத்தாருன்னே சொல்லு. அப்பதான் நீ துப்புவேன்னு நம்புவாங்க.”